நேர்ந்துவிட்ட கோழி

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
14.7.2024

அன்புள்ள தம்பி சென்னிமலைக்கு அக்கா ஆத்தாயி எழுதுவது. இங்கே நான், மகன் சிவக்குமார், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் சுகத்தைச் சும்மா மரியாதைக்குக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

உன் பெண்டாட்டி அங்கம்மாளின் காரியம் முடிந்து நான் சேலம் திரும்பியதிலிருந்து உன் குரலைக் கேட்கவில்லை. போன் போட்டால் மணி அடிப்பதே இல்லை. உன் மகன் தனபாலைக் கேட்டால், "அப்பா நல்லா இருக்காருங்கத்தே, பேசத்தான் புடிக்கலீங்களாமா" என்கிறான். மருமகள் நர்மதாவைக் கேட்டால் அதே வார்த்தை, அதே வரிசையில் வருகிறது. இரண்டு பேர் ஒரே பாட்டை ஒரே ராகத்தில் பாடினால் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? துக்கத்தில் மனுஷன் பேசாமல் இருப்பான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்ற பையன் குடும்பத்தோடு நாமக்கல்லுக்கு வாடகை வீட்டுக்குப் போவானா? பண்ணை வீட்டில் நீ ஒற்றை ஆளாம்.

உன் முட்டை வண்டி ஓட்டும் பச்சமுத்து எங்கள் தெருக் கடைக்கு இறக்க வருகிறான் அல்லவா, அவனைப் பிடித்தேன்.

"முதலாளியப் பாத்து ஒரு மாசமாச்சுங்காத்தா. ஊட்டுக் கேட்டு பூட்டியிருக்குது. நான் கோழி ஷெட்டோடயே திரும்பிருவேன்."

"பூட்டு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"அது பாக்கலீங்களே" என்று தலையைச் சொறிந்தான்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், பச்சமுத்து கையிலேயே. பதில் உன் பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எனவே ஒன்று கேட்கிறேன். நான் கல்யாணமாகிக் கூண்டு வண்டி ஏறியபோது என் மடியில் நீ என்ன வைத்தாய்? இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. சரியான பதில் வராவிட்டால் சிவக்குமாரைக் கூட்டிக்கொண்டு போலீசோடு வருவேன்.

உன் அக்கா,
ஆத்தாயி


புதுச்சத்திரம், பண்ணை வீடு
25.7.2024

அக்கா அவர்களுக்கு, சென்னிமலை வணக்கம். நான் சுகம். உங்கள் சுகத்துக்கும் மகன், மருமகள், பிள்ளைகள் சுகத்துக்கும் எழுதவும்.

வைத்தது கோழிக்குஞ்சு. பழுப்பு நிறம், கழுத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. "பத்திரமா வளத்துக்கா" என்றேன். போலீசு வேண்டாம்.

பூட்டு உள்பக்கம். சாவி என் அரைஞாண் கயிற்றில். என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. நானேதான் மற்றவர்களை அடைத்து வெளியே வைத்திருக்கிறேன்.

போனைக் கிணற்றில் போட்டுவிட்டேன். அதில் வந்ததெல்லாம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். காலையில் கையில் எடுத்தால் கண்ணீர் அஞ்சலிப் படம். மணி அடித்தால், "இன்னாரு தவறிட்டாருங்க, எடுப்பு நாலு மணிக்கு." அங்கம்மாள் போன பிறகு ஒவ்வொரு மணிக்கும் என் நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது. மாசியில் ஆபரேஷனில் பிளந்து தைத்த நெஞ்சு அது.

ஷெட்டுக்கு என்ன முறையோ அதையே வீட்டுக்கும் பண்ணிவிட்டேன். சுற்றிலும் தகரம். கேட்டுக்கு வெளியே வண்டிச் சக்கரம் நனைய ஒரு தொட்டி, கால் நனைய ஒரு தொட்டி, இரண்டிலும் மருந்துத் தண்ணீர். வாசலுக்கு மேலே குருவி நுழையாமல் வலை. பள்ளிக்கூடம் போய் வரும் பேத்தி கிருத்திகாவையும் உள்ளே விடவில்லை. தனபால் கோபித்துக்கொண்டு நாமக்கல் போனது அதனால்தான். உங்கள் கடிதத்தைக்கூட இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மருந்துப் புகை காட்டித்தான் பிரித்தேன். இந்தக் கடிதத்திலும் அந்த நெடி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் வர வேண்டாம். நீங்களும் வர வேண்டாம்.

தம்பி,
சென்னிமலை


ஃபேர்லேண்ட்ஸ்
4.8.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் சுகம் அறிந்தேன். அது சுகமா என்பது வேறு சங்கதி.

உன் கடிதத்தைப் பிரித்ததும் என் பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். எனக்கோ நீதான் எழுதினாய் என்று தெரிந்ததும் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி ஏன் வரவில்லை என்றால், நீ முழுசாகச் சொல்லவில்லை.

நர்மதாவை வரவழைத்தேன். வந்தது. காப்பி கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மிணி, என்ற கண்ணப் பாத்துச் சொல்லு. நிலத்துல, பண்ணையில ஏதாச்சும் கையெழுத்துக் கேட்டு அவன நெருக்குனீங்களா?"

"ஐயோ பெரிம்மா, அப்படி நெனைக்கறீங்களா? நான் தெனம் ரெண்டு வேளை கேரியர்ல சோறு கொண்டுபோயி கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு வாரேன். மாமா மேல எனக்கு மனசுல ஒண்ணுமில்லீங்க. பாவம், அத்தை நெனப்பு அவருக்கு அவ்வளவு. மொதோ சோத்த மாடிக்குக் கொண்டுபோயி காக்காய்க்கு வெச்சுட்டு, அது தின்னு பறக்கற வரைக்கும் பாத்துட்டு நின்னுதான் சாப்படறாரு."

நர்மதா மூக்கை உறிஞ்சியது. நம்மைப் பெற்ற அய்யன் திதிக்குக்கூடக் காக்காய்க்குப் பிடி சோறு வைக்காதவன் நீ. அங்கம்மாள் வைத்தால், "காக்காயப் பழக்காத, பண்ணைக்கு நோயக் கொண்டாந்துரும்" என்று வைவாய். இப்போது நிற்கிறாயாமே, அது பறக்கிறதா, விழுகிறதா என்று? சோற்றில் என்ன இருக்கும் என்று பார்க்கிறாய், சாமி?

இன்னொன்று. ஷெட்டுக்கு என்ன முறையோ அதுவே வீட்டுக்கும் என்றாய். அத்தனை தொட்டி, அத்தனை மருந்து, அத்தனை ஊசி போட்டும் உன் பண்ணையாள் ரங்கன் தினம் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போகிறானே, எதற்கு? செத்ததைப் பொறுக்கத்தானே? என்றைக்காவது வெறும் வாளியோடு திரும்பியிருக்கிறானா?

எதைக் கண்டு பயந்தாய் என்று ஒளிக்காமல் எழுது.

என் எழுத்து இந்தத் தடவை கொஞ்சம் சாய்ந்திருக்கும். கண்ணில் ஏதோ நீர் வடிகிறது, வேறொன்றுமில்லை.

அக்கா,
ஆத்தாயி


பண்ணை வீடு
20.8.2024

அக்காவுக்கு, நலம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டவும்.

எழுதிவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள். வாய்விட்டு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அங்கம்மாள் செத்தது சனிக்கிழமை. சனிப்பிணம் தனியாகப் போகாது, ஒரு ஆளைத் துணைக்குக் கூப்பிடும் என்று பாடையில் கோழி கட்டுவது நம் வழக்கம். ரங்கன் ஷெட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கோழியைப் பிடித்துவந்து காலைக் கட்டினான். நீங்கள் பெண்களெல்லாம் முச்சந்தியிலேயே நின்றுவிட்டீர்கள். அங்கே பாடையை இறக்கித் திருப்பி வைத்தார்கள் அல்லவா? சுடுகாட்டில் போய் இறக்கியபோது கோழி இல்லை. அறுந்த கயிறுதான் தொங்கியது. பெரியவர்கள், "செரி உடு, ஓடிப்போச்சு" என்றார்கள். எடுத்ததை நிறுத்தக்கூடாது என்று சிதை மூட்டியாயிற்று.

பால் தெளித்துவிட்டு வந்து உட்காருகிறேன், வாசலில் ஒரு வெள்ளைக் கோழி நிற்கிறது. காலில் மஞ்சள் கயிறு. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து என்னையே பார்க்கிறது. துணைக்குப் போனது திரும்பி வந்துவிட்டது அக்கா. அப்படியானால் போனவளுக்குத் துணை யார்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. துரத்தினால் போகும், பொழுது விழுந்தால் வரும். அறுத்துவிடலாம் என்றால் கை வரவில்லை. எழவுக் கோழியை அறுத்தால் அது எதில் போய் முடியுமோ? ஒரு சமயம், வேண்டுமென்றே யாராவது கயிறு கட்டி விட்டிருப்பார்களோ என்றும் தோன்றும். நெஞ்சு ஆபரேஷன் பண்ணியவனைக் கத்தியில்லாமல் கொல்ல அது போதுமே. அதற்கப்புறம்தான் சோற்றையும் பார்த்துத் தின்ன ஆரம்பித்தேன். காக்காய் விஷயத்தில் நீங்கள் நினைத்தது சரி. நர்மதாவிடம் சொல்ல வேண்டாம்.

தகரம் அடித்து, கேட்டுப் போட்டு, பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறேன். அது உள்ளே நிற்கிறது.

இப்போதும் ஜன்னலுக்குக் கீழே கீறிக்கொண்டிருக்கிறது.

சென்னிமலை


ஃபேர்லேண்ட்ஸ்
2.9.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. கடிதம் கண்டேன். சிரித்தேன், அப்புறம் அழுதேன். பிறகு உன் மண்டையில் ஒரு குட்டு வைக்கக் கை பரபரத்தது.

அட பித்துக்குளி, அது எழவுக் கோழி இல்லை. அது அங்கம்மாள் கருப்பணாருக்கு நேர்ந்துவிட்ட கோழி.

மாசியில் உன்னைக் கோயமுத்தூரில் ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நானும் அவளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கட்டியிருந்த சேலையின் முந்தி ஓரத்தைக் கிழித்தாள். மயில்கழுத்து நிறம், கரையில் ஒற்றைச் சரிகை இழை. கையில் வைத்து மூடிக்கொண்டு, "கருப்பணாரே, என்ற ஊட்டுக்காரரு நடந்து வந்தா ஆடியில உனக்கு ஒரு கோழி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கேட்டாள்:

"ஏனுங்க நங்கையா, எங்ககிட்ட இருக்கறது பூராவும் முட்டைக் கோழி. சாமி ஏத்துக்குமுங்களா?"

"அவருக்கு நாட்டுக் கோழின்னும் பண்ணைக் கோழின்னும் ரெண்டு வாயா இருக்குது? கூண்டத் தொறந்து ஒண்ண வெளிய உட்டு வளத்து, நாலு நாள் மண்ணக் கெளறட்டும், ருசி வந்துரும்" என்றேன். அந்த இடத்திலும் சிரித்தோம்.

அந்தத் துணியை மஞ்சளில் நனைத்து ஒரு கோழியின் இடது காலில் கட்டியதாகப் பிறகு சொன்னாள். நீ மாடியில் படுத்திருந்தாய், உனக்கெப்படித் தெரியும்? கிணற்றுக்குப் பின்னால் வைத்துத் தீனி போட்டாள். அவள் போன பிறகு போட ஆளில்லை. பசித்தது வாசலுக்கு வந்தது. அவ்வளவுதான். பாடையிலிருந்து ஓடினது வேறு கோழி, அதை அன்றைக்கே நரி தின்றிருக்கும். உன்னிடம் இருக்கிற ஆயிரமாயிரத்தில் ஒன்றுக்கு ஒன்று அடையாளம் உனக்கே தெரியாதே!

ஆடி போய்விட்டது, நேர்த்தி நிற்கிறது. கடன் வைக்காதே. கேட்டைத் திற. கோழியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போ. கொஞ்சம் சீக்கிரம் போ.

அக்கா


பண்ணை வீடு
10.9.2024

அக்காவுக்கு.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

நேர்த்திக் கோழியென்றால் காரியத்துக்கு வந்து பத்து நாள் இருந்தீர்களே, அப்போது ஏன் சொல்லவில்லை? நான் கோழி என்று எழுதிய பிறகுதான் உங்களுக்கு நினைவு வந்ததா? நர்மதா உங்களை வந்து பார்த்தது. காப்பி கொடுத்துக் கதவைச் சாத்தினீர்கள், நீங்களே எழுதியதுதான். கதவுக்குப் பின்னால் பேசியதில் எதை எழுதினீர்கள், எதை விட்டீர்கள் என்று நான் எப்படிக் கண்டேன்?

"கொஞ்சம் சீக்கிரம்" என்கிறீர்கள். எதற்குச் சீக்கிரம்? யாருக்கு அவசரம்? நான் கேட்டுக்கு வெளியே கால் வைத்தால் உங்கள் எல்லோருக்கும் என்ன கிடைக்கிறது? உங்களுக்கும் பங்கு பேசியாயிற்றா?

கூடப் பிறந்தவள் என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

சென்னிமலை


பண்ணை வீடு
12.11.2024

அன்புள்ள அக்கா அவர்களுக்கு, தம்பி சென்னிமலை காலில் விழுந்து எழுதுவது.

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து வரி இல்லை. தீபாவளிக்குக்கூட இல்லை. அய்யன் இருந்த நாளிலிருந்து நீங்கள் எழுதாத, பேசாத தீபாவளி இதுதான். கோபம் என்று நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதுதான் இப்போது எனக்குத் தொழில்.

முந்தாநாள் மழையில் கோழி சன்னல் திண்டில் வந்து ஒண்டியது. முதல் தடவையாகக் கையில் பிடித்தேன். எடையே இல்லை. இடது கால். மஞ்சள் வெளுத்துப் போய் அடியில் நிறம் தெரிந்தது. மயில்கழுத்து. ஒற்றைச் சரிகை. அந்தச் சேலை எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. எடுத்து விரித்துப் பார்த்தேன், முந்தியில் ஒரு விரல் அகலம் இல்லை. சேலையையும் கோழியையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்காக நேர்ந்தவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். அவள் நேர்ந்ததைக் கண்டு நான் பயந்து கிடந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது உங்கள் சங்கதி. உங்கள் பழைய கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான் சுகம் கேட்ட இடத்திலெல்லாம் நீங்கள் வேறு பேச்சுப் பேசியிருக்கிறீர்கள். அய்ந்தாம் வகுப்பில் வாத்தியார் உங்கள் சிலேட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவாராம், கோடு போட்ட மாதிரி எழுத்து என்று. நீங்கள்தான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறீர்கள். அந்த எழுத்து ஆடியில் சாய்ந்தது. கண்ணில் நீர் வடிந்தால் எழுத்து மங்கும். படுத்துக்கொண்டு எழுதினால்தான் சாயும்.

கேட்டுத் தகரத்தில் உள்ள பொட்டு ஓட்டை வழியாகப் பச்சமுத்துவை விசாரித்தேன். முதலில், "நல்லா இருக்காங்க" என்றான். விடவில்லை. அப்புறம்தான் சொன்னான்: "தலையில துண்டு கட்டியிருந்தாங்க முதலாளி. துண்டுக்குக் கீழ முடி இல்லீங்க."

அந்தக் கோழிக்குஞ்சு உங்கள் மாமியார் வீடு போய்ச் சேருவதற்குள் வண்டியிலேயே செத்துப்போனது எனக்குத் தெரியும். அடுத்த பொங்கல் நோம்பிக்கு வந்தபோது, "முட்டை வெக்குதுடா" என்றீர்கள். நான் அழக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னீர்கள். எனக்கு அப்போதே தெரியும், நீங்கள் வருந்தக்கூடாது என்று நம்பின மாதிரி இருந்தேன்.

இந்தத் தடவை அப்படிச் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஃபேர்லேண்ட்ஸ்
24.11.2024

சாமி சென்னிமலைக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் விட்டுவிடுகிறேன்.

உன்மேல் கோபம் ஒரு வாரம்தான் இருந்தது. மிச்ச நாளெல்லாம் கோபமில்லை, பேனா பிடிக்கக் கை நிற்கவில்லை. வயிற்றில் கட்டி. வைகாசியிலேயே தெரியும். அங்கம்மாள் எழவு வீட்டில் வைத்து என் கதையைச் சொல்வதா என்று விட்டேன். கோழியைப் பற்றியும் அன்றைக்கு நினைப்பே வரவில்லை. எனக்கு என் வயிறே பெரிதாக இருந்தது, நீ கேட்டதற்குப் பதில் அதுதான்.

மருந்து ஏற்றினார்கள். இனி ஏற்ற வேண்டாம் என்கிறார்கள். சிவக்குமார் டாக்டரிடம், "தை தாண்டுமுங்களா சார்?" என்று கேட்டான். அவர் மின்விசிறியைப் பார்த்தார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியவில்லை.

உன் கேட்டை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். கூண்டுக் கோழிக்கும் நேர்ந்துவிட்ட கோழிக்கும் என்ன வித்தியாசம், சொல். இரண்டுக்கும் நாள் குறித்தாயிற்று. ஆனால் நேர்ந்துவிட்டது தெருவெல்லாம் திரிகிறது, அடுத்தவன் களத்தில் மேய்கிறது, யாரும் கல்லெடுத்து எறிய மாட்டார்கள். கூண்டில் இருப்பதற்கு விளக்குப் போட்டால் பகல், அணைத்தால் ராத்திரி. நாமெல்லாம் நேர்ந்துவிட்டதுதான். அது தெரிந்த பிறகு எதற்குக் கூண்டுக்குள் போய் உட்காருகிறாய்?

உன்னை ஒன்று கேட்கிறேன். நான் போனால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை உன் கையால்தான் என்மேல் விழ வேண்டும். கூடப்பிறந்தவன் கோடி போடாமல் பிணத்தை எடுப்பது நம்மில் இல்லை. தனபாலை அனுப்பாதே. "தம்பி இருந்தும் வல்லையாமா" என்று நாலு பேர் என் தலைமாட்டில் நின்று பேசக்கூடாது. எனக்கு அந்த வீம்பு உண்டு. அது ஒன்றுதான் வேண்டும்.

அக்கா


பண்ணை வீடு
5.12.2024

அக்காவுக்கு.

கேட்டுக்குப் போனேன். மூன்று நாள் போனேன். சாவியைப் பூட்டில் நுழைத்தால் மார்புத் தையல் இழுக்கிறது. வெளியே சாலையில் லாரி போகும் சத்தம் கேட்டால் வேர்த்துக் கொட்டுகிறது. அந்த நாள் வரும்போது என்னால் வர முடியாமல் போய்விட்டால்? உங்கள் பேச்சுத் தவறிவிடக்கூடாது என்று ஒரு வழி யோசித்தேன்.

குமாரபாளையத்திலிருந்து ஒரு சேலை வரவழைத்தேன். வெளுக்காத கோரா நிறம், மெல்லிய அரக்குக் கரை. என் கையாலேயே மஞ்சள் தடவியிருக்கிறேன். என் கையாலேயே மடித்துக் கட்டியிருக்கிறேன். ஆகவே இது என் கை போட்ட மாதிரிதான். பச்சமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்கு நோய் எதுவும் தொற்றிவிடக்கூடாது என்று மருந்து அடித்திருக்கிறேன்.

தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு வேறு தெரியவில்லை.

தம்பி


பண்ணை வீடு
18.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. பிரயாணம் உடம்பை அலுக்கவைத்ததா? வண்டியின் குலுக்கலில் வலி கூடியதா? சிவக்குமார் திட்டினானா? எல்லாவற்றுக்கும் எழுதுங்கள், மறைக்காமல்.

நடந்ததை நீங்கள் வெளியே நின்று பார்த்தீர்கள். உள்ளேயிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை, உச்சி வெயில். பச்சமுத்து ஹாரன் அடித்தான். முட்டை எடுக்கும் நேரமில்லையே என்று பொட்டு ஓட்டையில் கண்ணை வைத்தேன். வண்டியின் முன்சீட்டிலிருந்து அவன் யாரையோ கைத்தாங்கலாக இறக்கினான். முதலில் கோரா நிறச் சேலை தெரிந்தது. நான் தடவிய மஞ்சள் தெரிந்தது. அதற்குள் ஆள் இருக்கிறது என்றே தோன்றவில்லை, மூங்கிலுக்குச் சுற்றிய மாதிரி இருந்தது. முகத்தில் முந்தி. என் நெஞ்சு அப்படியே நின்றது. அன்றைக்கு உயிரோடுதான் இருந்தேனா என்று இப்போதும் சந்தேகம்.

"யாரது?" என்றேன்.

"பொணம் வந்திருக்குது சாமி. கதவத் தொற."

"அக்கா..."

"கோடி போட்டது நீதானே? வந்து செரியாப் போட்டிருக்குதான்னு பாரு. உசுரோட இருக்கறவளுக்குக் கோடி அனுப்புன மகராசன் இந்தச் சீமையில நீ ஒருத்தன்தாண்டா. சனிக்கெழமையாப் பாத்து வந்திருக்கறேன். தொணைக்குக் கோழி குடுக்கறியா, இல்ல நீ வாரியா?"

பச்சமுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்தானா, அழுதானா தெரியாது. நீங்கள் முந்தியை விலக்கினீர்கள். முடியில்லாத தலையை வெயிலில் பார்த்தேன். அய்யன் முகம். கேட்டுத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், கால் ஆடியது. இவள் இங்கேயே விழுந்தால் என் கேட்டுக்கு முன்னால் விழுவாள் என்று பட்டது. சாவி எப்படித் திரும்பியது என்று தெரியவில்லை.

திறந்ததுதான் தாமதம், அந்தக் கோழி என் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து வெளியே பாய்ந்தது. "ஐயோ, நேர்த்திக் கோழி! லாரியில உழுந்துரும், புடி!" என்று நீங்கள் போட்ட சத்தம் ராசிபுரத்துக்குக் கேட்டிருக்கும். நான் ஓடினேன். ரங்கன் ஓடிவந்தான். கேரியரைக் கீழே போட்டுவிட்டு நர்மதாவும் ஓடியது. மருந்துத் தொட்டியைத் தாண்டினேனா, மிதித்தேனா நினைவில்லை. ரோட்டோரம் எருக்கஞ்செடிக்குள் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், கேட்டு எங்கேயோ பின்னால் கிடக்கிறது. லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. நான் வெளியே நிற்கிறேன்.

நீங்கள் அங்கிருந்து, "உசுரோடதான் இருக்கறியா?" என்று கேட்டீர்கள். "இருக்கறனுங்கக்கா" என்றேன்.

நர்மதா கொண்டுவந்த சோற்றை மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து தின்றோமே, நான் பாதி தின்ற பிறகு, "என்ன, காக்காய்க்கு வெக்கல?" என்று கேட்டுவிட்டு நீங்கள் ரசத்தைக் குடித்தீர்கள். நர்மதா ஒன்றும் புரியாமல், "இருங்க பெரிம்மா, நான் வெச்சுட்டு வாரேன்" என்று எழுந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. அதனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

கிருத்திகா நேற்று வந்து போனாள். தகரத்தை ரங்கன் கழற்றுகிறான். தை முதல் ஞாயிறு கருப்பணார் கோயிலுக்குப் போகிறோம். நீங்கள் வர வேண்டும். வருவீர்களா என்று கேட்கவில்லை.

தம்பி,
சென்னிமலை


ஃபேர்லேண்ட்ஸ்
29.12.2024

சாமிக்கு அக்கா எழுதுவது. எழுத்து என்னுடையதுதான். தலைகாணியில் அட்டையை வைத்து ஒரு நாளைக்கு நாலு வரியாக எழுதுகிறேன். அதனால் ஒரு பக்கம் இன்றைக்கு, ஒரு பக்கம் நேற்று.

சிவக்குமார் திட்டினான். பச்சமுத்துவையும் சேர்த்துத் திட்டினான். வலி இருக்கிறது. மாத்திரை போட்டால் இரண்டு நாழி அடங்கி மறுபடி வருகிறது. மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

கோயிலுக்கு என்னை எதிர்பார்த்து நாளைத் தள்ளாதே. கோழியை அறுக்கும்போது அங்கம்மாள் பெயரைச் சொல்லு. குழம்பில் காரம் கொஞ்சமாகப் போடச் சொல்லு, கிருத்திகா தின்னட்டும். நர்மதாவுக்கு ஈரல் கொடு. மற்றதைச் சொல்வதானால் அதற்கப்புறம் சொல்லு, வயிறு நிறைந்திருந்தால் மனுஷர் மன்னிப்பார்கள்.

சேலையை அலசிப் போட்டேன். மருந்து நாற்றம் போக மூன்று அலசு வேண்டியிருந்தது. துணி நல்ல துணி. மடித்து என் தலைமாட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உடுத்துக் கழற்றினது கோடி ஆகாது என்று யாராவது சட்டம் பேசுவார்கள். ஆகும் என்று சொல்லிவிடு. வேறு வாங்காதே. நீ கையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

கேட்டைக் கழற்ற வேண்டாம், மாடு கன்று நுழையும். ஆனால் பகலில் சாத்தாதே, தம்பி. பச்சமுத்து ஒரு நாள் முட்டை எடுக்காத நேரத்தில் சேதியோடு வருவான். வயசுக்கு மீறின உடம்பு அவனுக்கு, வெயில் தாங்க மாட்டான். வெளியே நிற்க வைக்காதே.

அக்கா,
ஆத்தாயி